முதல் நாளே விலை சொல்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வேலையை விட்டுவிட்டு வெப் ஆப் கட்டப் போகிறாய், முதல் வருடம் எல்லோருக்கும் இலவசம், ஆள் சேர்ந்த பிறகு பணம் கேட்பதாகத் திட்டம். பணக்காரன் ஆக வேண்டும் என்ற ஆசையில் தப்பே இல்லை. எனக்கும் இருந்தது. என் கடனை அடைத்தது இந்தத் தொழில்தான். அதனால்தான் அந்த "முதல் வருடம் இலவசம்" என்ற வரியைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

சும்மா பயன்படுத்துபவர் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். காசு கட்டியவர்தான் ராத்திரி பத்து மணிக்கு, "இந்தப் பட்டன் வேலை செய்யவில்லை, நாளைக் காலை எனக்கு வேண்டும்" என்று எழுதுவார். அந்தக் கோபம்தான் உனக்கு வேண்டும்.

ஒரே நேரத்தில் பலருக்கு மெயில் அனுப்ப உதவும் மெயில்சிம்ப் 2001இல் தொடங்கியது. இலவசத் திட்டத்தைக் கொண்டுவந்தது 2009இல். அதற்குள் எட்டு வருடம் காசு கட்டியவர்களோடு பழகி, யாருக்கு என்ன தேவை என்று அவர்களுக்கு அத்துப்படி. வெளி முதலீடு வாங்காமலே வளர்ந்த அந்த நிறுவனத்தை 2021இல் கணக்கு மென்பொருள் விற்கும் இன்ட்யூட் நிறுவனம் ஏறக்குறைய 1,200 கோடி டாலருக்கு வாங்கியது. நீ கடைசி எண்ணைப் பார்க்கிறாய். நான் அந்த எட்டு வருடத்தைப் பார்க்கச் சொல்கிறேன்.

சரி, எதைக் கட்டுவது? என் கதையைச் சொல்கிறேன். சின்ன அச்சகங்களுக்கு ஆர்டர் பார்க்கும் ஆப் ஒன்று செய்தேன். பதினோரு வகை ரிப்போர்ட் போட்டிருந்தேன், ஒருவரும் திறக்கவில்லை. ஒரு நாள் ஓர் அச்சக உரிமையாளர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். போனில் வந்த ஆர்டரை நீள நோட்டில் எழுதுகிறார், அச்சுக்கு முன் வாடிக்கையாளருக்குக் காட்டும் மாதிரி, அதாவது புரூஃப், ஓகே ஆனதும் ஓரத்தில் டிக் அடிக்கிறார். அன்று ஒரு டிக்கைத் தவறான வரியில் போட்டுவிட்டார். எழுத்துப் பிழையோடு ஆயிரம் அழைப்பிதழ் அச்சாகி அடுக்கி இருந்தது. காகிதமும் மையும் அவர் கைக்காசு. வீட்டுக்கு வந்து ஒரே ஒரு விஷயம் சேர்த்தேன்: புரூஃப் ஓகே ஆகாத ஆர்டர் சிவப்பாகத் தெரியும், அச்சுக்கு அனுப்பவே முடியாது. மறு வாரம் அவரே "மாசம் எவ்வளவு?" என்று கேட்டார். குழுவாகச் செய்யும் வேலைகளை ஒழுங்குபடுத்தும் பேஸ்கேம்ப் ஆப்பும் இப்படிப் பக்கத்திலிருந்த தேவையில் பிறந்ததுதான். வெப் டிசைன் செய்துகொண்டிருந்த 37சிக்னல்ஸ், தங்கள் வேலைகளைச் சமாளிக்கக் கட்டியதை 2004இல் மற்றவர்களுக்கும் விற்றது.

விலையைப் பயந்து வைக்காதே. வாடிக்கையாளர் கார்டில் பணம் கட்டும் ஒவ்வொரு முறையும் உன்னிடம் பிடிக்கும் கட்டணம் 2.9 சதவீதமும் 30 சென்ட்டும் என்று வை. மாதம் 5 டாலர் வாங்கினால் அதில் கிட்டத்தட்ட 9 சதவீதம் அங்கேயே போய்விடும். 30 டாலர் வாங்கினால் 4 சதவீதம்தான். அதோடு, என் அனுபவத்தில், ஐந்து டாலர்காரர் கேட்கும் உதவி முப்பது டாலர்காரர் கேட்பதைவிடக் குறைவாக இருந்ததே இல்லை.

இப்போது சொல்லப்போவதை நிதானமாகப் படி. இது புரியாமல் நான் இரண்டு வருடம் தொலைத்தேன். மாதம் 20 பேர் புதிதாகச் சேர்கிறார்கள், இருப்பவர்களில் 5 சதவீதம் பேர் விலகுகிறார்கள் என்று வைத்துக்கொள். முதலில் எண்ணிக்கை ஜோராக ஏறும். 400ஐ நெருங்க நெருங்கத் தவழும். ஏனென்றால் 400இல் 5 சதவீதம் என்பது 20. வருகிற அளவுக்கே போகிறார்கள். நீ ராப்பகலாக உழைத்தாலும் எண்ணிக்கை நகராது. நான் அங்கே மாட்டிக்கொண்டு, விளம்பரத்துக்கு மேலும் மேலும் பணம் கொட்டினேன். விலகலை 2 சதவீதமாக்கினால் அதே 20 பேரோடு 1,000 வரை போகலாம். முப்பது டாலர் கணக்கில், மாதம் 12,000 டாலரோடு நிற்பதற்கும் 30,000 வரை போவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

விலகியவர்களுக்கு ஒவ்வொருவராக எழுதிக் கேட்டேன். பலர் விலகவே நினைக்கவில்லை, கார்டு காலாவதியாகிவிட்டது, அவ்வளவுதான். முன்கூட்டியே ஒரு நினைவூட்டல் மெயில் போதுமாக இருந்தது. இன்னும் சிலர் முதல் வாரத்திலேயே பழைய ஆர்டர்களை ஏற்றத் தெரியாமல் விட்டிருந்தார்கள். நானே உட்கார்ந்து ஏற்றிக் கொடுத்தேன். அப்படி ஏற்றிக் கொடுத்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

வேலையை இப்போது விடாதே. சந்தாப் பணம் உன் வீட்டுச் செலவை ஆறு மாதம் தொடர்ந்து தாங்கட்டும், அப்புறம் பார்க்கலாம். ஆப்பில் உள்ள தகவல்களின் நகலை, அதாவது பேக்கப்பை, மட்டும் தினமும் எடு, எடுத்ததைத் திரும்ப ஏற்றியும் பார்.

போன மாதம் உன் நண்பர் ஒருவர் வாடகைச் சாமான் கணக்கு குழம்பிப்போகிறது என்று புலம்பியதாக எழுதியிருந்தாயே. இந்த வாரம் ஒரு நாள் அவர் கடையில் போய் உட்கார். கோட் ஒரு வரி எழுதாதே. அவர் எதை எங்கே எழுதுகிறார், எந்த இடத்தில் தலையில் கை வைக்கிறார் என்று பார். பிறகு மாதம் 30 டாலர் என்று விலை சொல்லிவிட்டு, அவர் முகம் எப்படி மாறியது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்