எஸ்யுவி வாங்குமுன் அதைப் பனியில் ஓட்டிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குளிர்காலம் நெருங்கும்போது தங்கள் பத்திரிகையில் வாகன விளம்பரங்கள் கூடுவது வழக்கம். அவற்றில் பெரும்பாலானவை சிறிய எஸ்யுவி வாகனங்களுக்கானவை என்பதையும், மாதத் தவணைத் தொகையும் ‘ஓல் வீல் டிரைவ்’ (நான்கு சில்லு இயக்கம்) என்ற சொற்களுமே அவற்றில் பெரிய எழுத்தில் இருக்கின்றன என்பதையும் வாசகர்கள் கவனித்திருப்பார்கள். கனடாவின் ரொறன்ரோ நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்டன் பகுதிகளில் வாழும் எம்மவர்கள் வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெரும்பணம் செலவிடுவது வாகனத்துக்குத்தான். அப்படியிருந்தும், உறவினர் ஒருவர் அதே வாகனத்தை வைத்திருக்கிறார் என்பதற்காக, விற்பனை நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஏழு ஆண்டுக் கடனுக்குக் கையெழுத்திடும் வழக்கம் எம்மிடையே வேரூன்றியிருக்கிறது. இந்த வழக்கம் மாறவேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில், நான்கு சில்லுகளுக்கும் விசை செல்லும் வாகனம் பனியில் எம்மைக் காப்பாற்றிவிடும் என்ற நம்பிக்கையைப் பற்றிச் சொல்லவேண்டும். விசை நான்கு சில்லுகளுக்கும் பகிரப்படுவதால், வழுக்கும் தெருவில் நின்ற இடத்திலிருந்து புறப்படுவதும், மேட்டில் ஏறுவதும், பனி அகற்றும் வண்டி எமது வீட்டு வாசலில் ஒதுக்கிவிட்டுப் போகும் பனிவரம்பைத் தாண்டுவதும் இலகுவாகின்றன. இது உண்மையான நன்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிறேக் பிடிக்கும்போது நிலைமை வேறு. எல்லாக் கார்களிலும் பிறேக் நான்கு சில்லுகளிலும்தான் பிடிக்கிறது. ஆகவே சிவப்பு விளக்கில் நிற்பதற்கு இந்த அமைப்பு எந்த உதவியும் செய்வதில்லை. வளைவில் வழுக்கும் வாகனத்தைத் தெருவில் நிலைநிறுத்துவதும் பெரும்பாலும் ரயரின் பிடிப்பும், 2011 செப்டெம்பர் முதல் கனடாவில் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட இலத்திரனியல் நிலைப்படுத்தும் அமைப்பும்தான். புறப்படும்போது சிறிதும் வழுக்காத வாகனம், தெரு எவ்வளவு வழுக்கலாக இருக்கிறது என்பதைச் சாரதியிடமிருந்து மறைத்துவிடுகிறது. அதனால் வேகம் கூடுகிறது. நிற்கவேண்டிய தருணத்தில்தான் உண்மை தெரிகிறது.

ஆகவே வாகனத்தைப் பற்றிய பேச்சு ரயரிலிருந்துதான் தொடங்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெப்பநிலை 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது சாதாரண ரயரின் இறப்பர் இறுகத் தொடங்குகிறது. குளிர்கால ரயர் அந்தக் குளிரிலும் மென்மை குறையாத கலவையால் செய்யப்படுகிறது. மூன்று சிகரங்கள் கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறிக்கப்பட்ட அடையாளம் ரயரின் பக்கச்சுவரில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் அதைப் பொருத்துபவர்களுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கட்டணக் கழிவு வழங்கவேண்டும் என்ற விதி 2016 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. என்னிடம் ஆலோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பணம் மட்டாக இருந்தால், முன் சில்லு இயக்கமுள்ள வாகனத்தையும் நான்கு நல்ல குளிர்கால ரயர்களையும் வாங்குங்கள், நான்கு சில்லு இயக்கத்துக்குச் சில ஆயிரம் டொலர் கூடுதலாகக் கொடுத்துவிட்டு, கோடையில் தேய்ந்த ரயரோடு ஜனவரியில் 401 நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். இன்னொன்றையும் நினைவில் வைத்திருக்கவேண்டும். நான்கு சில்லு இயக்கமுள்ள வாகனத்தில் நான்கு ரயர்களின் தேய்மானமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கவேண்டும். ஒன்று வெடித்தால் ஒன்றை மட்டும் மாற்றுவது பல வேளைகளில் இயலாது. வேறுபாடு கூடினால் விசையைப் பகிரும் உறுப்புகள் பழுதடையும்.

எல்லா நிறுவனங்களும் ஒரே பெயரில் விற்றாலும், இந்த இயக்கம் ஒவ்வொரு வாகனத்திலும் ஒவ்வொரு விதமாக வேலை செய்கிறது. ஹொண்டா சிஆர்-வி, மஸ்டா சிஎக்ஸ்-5, ஹியுண்டாய் டூசான் போன்றவற்றில் சாதாரண நேரத்தில் பெரும்பாலும் முன் சில்லுகளே வாகனத்தை இழுக்கின்றன. அவை வழுக்குவதைக் கணினி உணரும்போது, அல்லது வழுக்கக்கூடும் என்று முன்கூட்டியே கணிக்கும்போது, ஒரு கிளச் இறுகிப் பின் சில்லுகளுக்கும் விசையை அனுப்புகிறது. சுபாருவின் ஃபொரெஸ்டர், குறொஸ்ட்ரெக் ஆகியவற்றில் நான்கு சில்லுகளும் எப்போதும் இயக்கத்தில் இருக்கின்றன. தரையிலிருந்து அவற்றின் அடிப்பகுதி 220 மில்லிமீற்றர் உயரத்தில் இருப்பதும் ஆழமான பனியில் உதவும். பெற்றோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து இயக்கும் டொயோட்டா ராவ் 4 ஹைபிரிட் வாகனத்தில் முன்னிருந்து பின் சில்லுகளுக்குச் செல்லும் தண்டே கிடையாது. பின்புறத்தில் தனியான மின் மோட்டார் ஒன்று தேவைப்படும்போது இயங்குகிறது. நகரத் தெருக்களில் வாழ்நாளைக் கழிக்கும் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு பெரிதல்ல. நூறு கிலோமீற்றருக்கு 6 லீற்றர் அளவில் ஓடக்கூடிய அந்த ஹைபிரிட் அவர்களுக்கு நல்ல தெரிவு. ஆனால் ஜோர்ஜியன் குடாவிலிருந்து வீசும் காற்று கொண்டுவந்து கொட்டும் பனியில் பரி (Barrie) நகரையும் தாண்டித் தினமும் வேலைக்குப் போகிறவர், கிராமத்துப் பாதையில் வீடு வாங்கியிருப்பவர் போன்றோர் எப்போதும் இயங்கும் அமைப்பையும் தரைக்கு மேலான உயரத்தையும் முதலில் பார்க்கவேண்டும்.

இந்த வேறுபாடுகள் எவையும் ஜூலை மாதத்து உலர்ந்த தெருவில் தெரியமாட்டா. அங்கே எல்லா வாகனங்களும் ஒன்றுபோலத்தான் ஓடும். முடிந்தவரை, பனி பெய்த மறுநாள் ஓட்டிப் பாருங்கள். அப்போதும், பார்க்கும் வாகனத்தில் எந்த ரயர் பொருத்தப்பட்டிருக்கிறது என்று முதலில் கேளுங்கள். குளிர்கால ரயர் பொருத்திய வாகனத்தையும் பொருத்தாததையும் ஒப்பிட்டு நான்கு சில்லு இயக்கத்தைப் பற்றி முடிவெடுக்க முடியாது. முழுதாகத் துப்புரவாக்கப்படாத சந்தியில் நின்று இடதுபக்கம் திரும்பும்போது முன் சில்லுகள் சுழன்று தடுமாறுகின்றனவா, எவ்வளவு விரைவில் பின் சில்லுகள் கைகொடுக்கின்றன என்பதைக் கவனியுங்கள். பின்னால் வாகனம் எதுவும் இல்லாத அமைதியான தெருவில், குறைந்த வேகத்தில் பிறேக்கை அழுத்தி நிற்கும் தூரத்தையும் பாருங்கள். பனி கிடைக்காத காலத்தில் வாங்கவேண்டியிருந்தால், மழை நாளாவது நல்லது.

அடுத்ததாக 401. மோர்ணிங்சைட் வீதியிலிருந்து நெடுஞ்சாலைக்கு ஏறும் பாதை போன்ற ஓர் இடத்தில், குடும்பம் முழுவதும் ஏறியிருக்கும்போது, மணிக்கு நூறு கிலோமீற்றரை எட்டி வாகன ஓட்டத்தோடு கலப்பதற்கு இன்ஜின் எவ்வளவு சிரமப்படுகிறது என்பதை அறியவேண்டும். தனி ஆளாக ஓட்டும்போது துடிப்பாகத் தெரியும் சிறிய இன்ஜின், ஐந்து பேரும் பொதிகளும் ஏறியபின் ஓலமிடும். அந்த வேகத்தில் ரயரின் இரைச்சல், பக்கக் கண்ணாடிக்குத் தெரியாத மறைவிடம், கண்ணை மறைக்கும் தூண் ஆகியவற்றையும் அங்கேதான் மதிப்பிட முடியும். விற்பனையாளர் தான் வழக்கமாகக் கூட்டிப் போகும் பாதையில்தான் போகவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஜி1 எனப்படும் பயிலுநர் அனுமதிப்பத்திரம் மட்டும் வைத்திருப்பவர்கள், பயிற்றுநர் உடனிருந்தாலன்றி 400 வரிசை நெடுஞ்சாலைகளில் ஓட்ட முடியாது. அவர்கள் முழு அனுமதிப்பத்திரம் உள்ள உறவினர் ஒருவரை ஓட்டச் சொல்லித் தாம் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். அண்மையில் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இன்னொரு சொல்: அங்கே இடதுபுறம் ஓட்டிப் பழகிய கை, ஸ்டியரிங்கின் வலதுபக்க நெம்பைத் திருப்பத்துக்கான சமிக்ஞை என்று நினைத்து மழை துடைப்பானை இயக்கிவிடும். வாகனத்தை மதிப்பிடப் போகும் நேரத்தில் இந்தத் தடுமாற்றம் கவனத்தைச் சிதறடிக்கும். ஆகவே பயிற்சி முடிந்து கை பழகியபின் வாகனம் தேடுவதே நல்லது.

ஓட்டுவதற்கு முன்பும் பின்பும் வாகனம் நிற்கும்போது செய்யவேண்டிய சோதனைகளை எம்மவர்கள் பெரும்பாலும் செய்வதில்லை. குளிர்காலச் சப்பாத்தை அணிந்துகொண்டு மிதிகளை அழுத்திப் பாருங்கள். கையுறையோடு தொடுதிரையில் சூடேற்றியைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்றும் பாருங்கள். வெப்பத்தையும் கண்ணாடியில் படியும் புகாரையும் கட்டுப்படுத்தத் தனிப் பொத்தான் உள்ள வாகனத்தையே நான் விரும்புவேன். குழந்தை ஆசனத்தைக் கையோடு கொண்டுபோய்ப் பின்னிருக்கையில் பொருத்துங்கள். பின்னோக்கிப் பார்த்தவாறு பொருத்தும் ஆசனம் முன்னிருக்கையை எவ்வளவு தள்ளிவிடுகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். (தடித்த குளிர் அங்கியோடு குழந்தையை அந்த ஆசனத்தில் கட்டக்கூடாது என்பதையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன், மோதலின்போது அங்கி அமுங்கிப் பட்டி தளர்ந்துவிடும்.) அம்மம்மா, அப்பப்பா வீட்டில் இருந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். மூட்டுவலியோடு, சேலை உடுத்தி ஏறி இறங்குபவருக்கு ஆசனத்தின் உயரம் எரிபொருட் செலவைவிட முக்கியமானது. அதிக உயரமும் சிரமம், தாழ்வும் சிரமம். இடுப்பைச் சாய்த்து அப்படியே அமரக்கூடிய உயரம் எந்த வாகனத்தில் இருக்கிறது என்பதை அவர்கள் ஏறிப் பார்த்தால்தான் அறியலாம். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடுவதால், முன்விளக்கின் தரத்தை இருளில் ஒருமுறை பார்த்துவிடுவதும் அவசியம்.

பழைய வாகனம் வாங்குபவர்களுக்குக் குளிரும் உப்பும் தரும் பாடங்கள் வேறு. 2017, 2018 ஆண்டுகளின் 1.5 லீற்றர் டர்போ இன்ஜின் கொண்ட சிஆர்-வி வாகனங்கள் சிலவற்றில், கடுங்குளிரில் குறுந்தூரம் மட்டுமே ஓடும்போது எரிபொருள் இன்ஜின் எண்ணெயோடு கலக்கும் சிக்கல் வெளிப்பட்டு, நிறுவனம் உத்தரவாதக் காலத்தை நீடித்தது. 2019இல் வந்த ராவ் 4 தலைமுறையின் ஆரம்பகால ஹைபிரிட்டுகள் சிலவற்றில், பின் மோட்டாருக்குச் செல்லும் மின்கம்பியின் இணைப்பு தெரு உப்பினால் துருப்பிடித்தது. அதற்கும் உத்தரவாதம் நீடிக்கப்பட்டது. இரண்டுமே நல்ல வாகனங்கள். ஆனால் நம்பகமான மெக்கானிக் ஒருவர் வாகனத்தை உயர்த்தி அடிப்பகுதியைப் பார்க்காமல் எந்தப் பழைய வாகனத்தையும் வாங்கக்கூடாது. தனியாரிடம் வாங்கினால், ஒன்ராறியோ சட்டப்படி விற்பவர் தரவேண்டிய பழைய வாகனத் தகவல் கோவையைக் கேட்டு வாங்குங்கள்.

காப்புறுதிக் கட்டணத்தைக் கையெழுத்துக்கு முன்பே விசாரிக்கவேண்டும். 2022இல் கனடாவில் மிக அதிகமாகத் திருடப்பட்ட வாகனங்களின் பட்டியலில் சிஆர்-வி முதலிடத்தில் இருந்தது. ஒரே விலையுள்ள இரண்டு எஸ்யுவிகளுக்கு ஒரே முகவரியில் வெவ்வேறு கட்டணம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒப்பந்தத்தைப் பற்றி மிக முக்கியமான ஒரு விடயம். வீட்டு வாசலுக்கு வந்து விற்பவரிடம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை ஒன்ராறியோவில் 10 நாட்களுக்குள் இரத்துச் செய்யலாம் என்பது பலருக்குத் தெரியும்; அதே உரிமை வாகனத்துக்கும் உண்டு என்று அவர்கள் நம்பிவிடுகிறார்கள். விற்பனை நிலையத்தில் வாங்கும் வாகனத்துக்கு அப்படியொரு மறுபரிசீலனைக் காலம் கிடையாது. மாகாணத்தில் வாகன விற்பனையாளர்களைக் கண்காணிக்கும் ஓம்விக் அமைப்பு இதைத் தொடர்ந்து எச்சரித்து வருகிறது. 2010 ஜனவரி முதல், விளம்பரத்தில் குறிப்பிடும் விலை, விற்பனை நிலையம் அறவிடும் எல்லாக் கட்டணங்களையும் உள்ளடக்கியிருக்க வேண்டும்; 13 வீத எச்எஸ்டி வரியும் பதிவுக் கட்டணமும் மட்டுமே வெளியே நிற்கலாம். விளம்பரத்தை வெட்டிக் கையோடு கொண்டுசென்று, ஒப்பந்தத்தில் உள்ள தொகையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எமது உரிமை.

ஆசிரியர் அவர்களே, தங்களிடம் ஒரு வேண்டுகோள். வாகன விளம்பரங்கள் நிறையும் நவம்பர் மாதத்து இதழ்களில், விளம்பரங்களுக்குப் பக்கத்திலேயே, குளிர்கால ரயர், ஓட்டிப் பார்த்தல், ஒப்பந்தம் ஆகியவற்றைத் தமிழில் விளக்கும் ஒரு பக்கத்தை வெளியிடுங்கள். ஆங்கில ஒப்பந்தத்தை வாசிக்கச் சிரமப்படும் மூத்தோரும் புதிதாக வந்தோரும் தங்கள் பத்திரிகையைத்தான் நம்பியிருக்கிறார்கள். தங்கள் பத்திரிகையில் விளம்பரம் செய்யும் தமிழ் விற்பனையாளர்களிடமும் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: வாடிக்கையாளர் குடும்பத்தோடு வந்து, அவர் விரும்பும் பாதையில், குறைந்தது ஒரு மணி நேரம் வாகனத்தை ஓட்டிப் பார்க்க இடமளியுங்கள், குளிர்கால ரயர்களின் விலையையும் சேர்த்து முதல் நாளிலேயே எழுத்தில் கொடுங்கள்.

இங்ஙனம்,
ஸ்காபரோ வாசகர் ஒருவர்