பனியில் நின்ற ரயில்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மூச்சே வந்தது. கட்டுப் பிரித்ததும் சுவரிலிருந்த காலண்டரில் தேதியைத்தான் முதலில் வாசித்தார் என்று எழுதியிருந்தாய். எனக்கு அம்மாவை நேரில் பார்த்தது போலவே இருந்தது. இங்கே சின்னவளுக்குத் தேர்வு முடிந்துவிட்டது. அந்த நிம்மதியில் ஞாயிறு இரவு நாங்கள் இருவரும் ஒரு ஜப்பானியப் படம் பார்த்தோம். நான்கு நாளாக அதே நினைப்பு.

படத்தின் பெயர் 'டோக்கியோ காட்ஃபாதர்ஸ்'. சதோஷி கோன் இயக்கி 2003இல் வந்த அனிமேஷன் நகைச்சுவை. சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஜப்பானின் மைனிச்சி திரைப்பட விருது பெற்றது. பொம்மைப் படம்தானே என்று பக்கத்தைத் திருப்பிவிடாதே.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு. டோக்கியோவின் ஷின்ஜுக்கு பகுதியில் தெருவே வீடாக வாழும் மூன்று பேர்: ஜின் என்ற குடிகாரர், ஹானா என்ற திருநங்கை, வீட்டைவிட்டு ஓடிவந்த மியுக்கி என்ற சிறுமி. குப்பைக்கு நடுவே ஒரு கைக்குழந்தை அவர்கள் கண்ணில் படுகிறது. 'சைலன்ட் நைட்' என்ற கிறிஸ்துமஸ் பாட்டு ஜப்பானிய மொழியில் 'கியோஷி' என்ற சொல்லோடு தொடங்கும். தூய்மை என்று பொருள். அதை வைத்து ஹானா குழந்தைக்குக் கியோகோ என்று பெயரிடுகிறார். போலீஸில் ஒப்படைக்க அவருக்கு மனம் வரவில்லை. பெற்றவளைத் தேடிப் பிடித்து, ஏன் விட்டுப் போனாய் என்று அவளையே கேட்க வேண்டும். அவ்வளவுதான் கதை.

விடுதி மொட்டை மாடியில் நீ அடிக்கடி சொல்வாய்: தற்செயலை நம்பிக் கதை கட்டுகிறவன் உழைக்க மனமில்லாதவன் என்று. இந்தப் படத்தில் திரும்பின பக்கமெல்லாம் தற்செயல்தான். உன்னை நினைத்துக்கொண்டேதான் பார்த்தேன். பாதிப் படம் தாண்டிய பிறகு எனக்கு ஒன்று பிடிபட்டது. இங்கே தற்செயல் யாரையும் சுலபமாகக் கரையேற்றுவதில்லை. யாரிடமிருந்து ஓடிவந்தார்களோ, அவர்கள் எதிரிலேயே கொண்டுபோய் நிறுத்துகிறது.

மூவரும் போகும் ரயில் பனியில் நின்றுவிடுகிறது. பக்கத்துத் தண்டவாளத்தில் இன்னொரு ரயிலும் வந்து நிற்கிறது. மியுக்கி தலையைத் திருப்புகிறாள். இரண்டு கண்ணாடிகளுக்கு அப்பால், கைக்கெட்டும் தூரத்தில் அவள் அப்பா. ஒரு சண்டையில் அவள் கத்தியால் குத்திய அப்பா. அவரும் பார்த்துவிடுகிறார். அவள் ஜன்னல் வழியே பனியில் குதித்து ஓடுகிறாள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த என் மகள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அதைவிட என்னை உலுக்கியது மருத்துவமனைக் காட்சி. ஜின் தன்னைச் சைக்கிள் பந்தய வீரர் என்றும், மனைவியும் மகளும் இறந்துவிட்டார்கள் என்றும் எல்லோரிடமும் சொல்லி வந்தவர். உண்மையில் அவர் சைக்கிள் கடை வைத்திருந்தவர். சூதாடிக் கடனாளியாகிக் குடும்பத்தை விட்டு ஓடியவர். ஹானா மயங்கி விழ, மருத்துவமனைக்குத் தூக்கிப் போகிறார்கள். அங்கே எதிரில் வந்து நிற்கும் செவிலிப் பெண் ஜின்னின் மகள். அவள் பெயரும் கியோகோதான்! ஜின்னுக்கு வாய் திறக்கவில்லை. ஹானாதான் அத்தனை பேர் முன்னால் அவரை வாய் ஓயாமல் திட்டித் தீர்க்கிறார். பிறகு விடுவிடுவென்று வெளியேறிவிடுகிறார். முதலில் கோபம் என்றுதான் நினைத்தேன். ஜின்னால் ஒருநாளும் சொல்ல முடியாததை அவருக்காகத் தானே சொல்லிவிட்டு, அப்பாவையும் மகளையும் தனியே விட்டுப் போயிருக்கிறார் என்பது பிறகுதான் உறைத்தது. அந்த வசவை ரப்பர் போல் இழுபடும் முகங்களோடு, விழுந்து விழுந்து சிரிக்கும்படி வரைந்திருக்கிறார்கள். கண்ணீரும் கூடவே வருகிறது.

இப்படியொரு படம் எடுத்த சதோஷி கோன் கணையப் புற்றுநோயால் 2010இல், 46 வயதில் போய்விட்டார். ரசிகர்களுக்கு எழுதிவைத்த விடைபெறும் மடலை 'சரி, நான் முன்னால் கிளம்புகிறேன்' என்ற பொருளில் முடித்திருந்தார். ஜப்பானில் வேலை முடிந்து கிளம்பும்போது உடன் வேலை செய்பவர்களிடம் சொல்லும் வார்த்தை அது.

அம்மாவுக்குக் கண் நன்றாகத் தெளிந்ததும் சேர்ந்து உட்கார்ந்து பார். ஒன்றரை மணி நேரம்தான்.

இன்னொரு செய்தி. எப்படி எழுதுவது என்று யோசித்து யோசித்துத் தள்ளிப்போட்டேன். நேற்று திண்டுக்கல் பஸ் நிலையத்தில் தேநீர் குடிக்க நின்றேன். பக்கத்தில் சில்லறைக்காகச் சட்டைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தவர் உன் அண்ணன். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. கண்டதும் நலம்கூட விசாரிக்கவில்லை. "அம்மா கண் எப்படி இருக்கிறது?" என்றார்.

சிகிச்சை நடந்தது யார் மூலம் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. காலண்டரில் தேதி வாசித்ததை மட்டும் சொன்னேன். அவர் பஸ் கிளம்பும்வரை கூடவே நின்றேன். அவருடைய எண்ணைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்