ஏழு கொப்பிகள்: எங்கள் சங்க உறவுகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான சங்க உறவுகளுக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமை வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் வரப்போகிறது. டவுனில் காணி வாங்கி இரண்டு மாடிக் கட்டடம், பட்டா என்கிற சின்ன லொறி வாகனம் ஒன்று, சம்பளத்துக்கு ஒரு இணைப்பாளர், ஏழு ஊருக்கும் ஒரே நிர்வாகம், ஒரே கணக்கு. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் பிள்ளைகள் காசு தரச் சம்மதித்துவிட்டார்கள். நல்ல மனதோடுதான் தருகிறார்கள். ஆனாலும் நான் அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கமாட்டேன். ஒன்பது வருடமாகப் பொருளாளராக இருப்பவள் காரணம் சொல்லாமல் மறுப்பது முறையில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

2010இல் மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து ஊருக்கு வந்தபோது ஊர் என்று ஒன்று இருக்கவில்லை. தறப்பாள் கொட்டில்களும் இடுப்பளவு பற்றையும்தான். அந்த மாரியில் ஒரு அம்மா தவறிப்போனா. செத்தவீட்டுக்கு வந்த கிழவர்கள் ஈரமண்ணில் உரப்பையை விரித்து அதில் இருந்தார்கள். தேத்தண்ணி போட ஒரு பெரிய பாத்திரம் இல்லை. மூன்று வீட்டுச் சட்டிகளில் மாறி மாறிக் கொதிக்க வைத்தோம். எட்டுச் செலவு முடிந்த பின்னேரம், அந்த வீட்டு முற்றத்திலேயே பதினொரு பேர் கூடி ஆளுக்கு இருநூறு ரூபாய் மாதம் மாதம் போடுவதென்று முடிவெடுத்தோம். அந்தக் காசில் வாங்கினதுதான் இருபத்தைந்து பிளாஸ்ரிக் கதிரையும் ஒரு கிடாரமும். கதிரைகளின் முதுகில் சிவப்புப் பெயின்றால் இலக்கம் போட்டோம். முதலாம் இலக்கக் கதிரைக்குக் கால் வெடித்து, கம்பி சுற்றி, இன்றைக்கும் களஞ்சிய அறையில் இருக்கிறது.

கதிரை வாங்கினால் அதைக் கொண்டுபோவதும் திருப்பித் தருவதும் எழுதவேண்டும். அதற்குத் தடித்த மட்டை போட்ட ஒரு சீஆர் கொப்பி வந்தது. எங்கள் சங்கம் வளர்ந்த கதை முழுக்க அந்தக் கொப்பியில்தான் இருக்கிறது. முதலில் கதிரைக் கணக்கு, பிறகு மரண உதவிப் பணம், பிறகு பாலைமரத்துக்குக் கீழே நடந்த மாலை வகுப்புக்கு வெண்கட்டி வாங்கிய செலவு. பக்கத்து ஊர்களுக்கு நாங்கள் போய்ப் பிரசாரம் செய்யவில்லை. கதிரை இரவல் வாங்க வந்தவர்கள் கொப்பியைப் புரட்டிப் பார்த்தார்கள், எங்களையும் சேருங்கள் என்றார்கள். அவ்வளவுதான்.

கடன் கொடுக்கத் தொடங்கியது நுண்கடன் கம்பனிக்காரர் வாரா வாரம் மோட்டார் சைக்கிளில் வந்து முற்றத்தில் நின்ற காலத்தில். ஒரு தங்கச்சி தவணை கட்ட வழியில்லாமல் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்ததை நான் கண்ணால் கண்டேன். 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில், பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்தது. ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையில் இருந்த கடனுக்குத்தான். தோட்டை அடகு வைத்து ஒழுங்காகக் கட்டியவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கள் சங்கக் கடனில் அந்த நிலை ஒருத்திக்கும் வரவில்லை. என்ன காரணம்? கடன் கேட்பவள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தாள். மாடு கன்று போட்டதா, புருசனுக்குக் கூலி வேலை கிடைத்ததா என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தபடியால் தவணையைத் தள்ளிப்போடவும் தெரிந்தது.

அதே வருடம் டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்து கண்டாவளைப் பக்கம் வெள்ளம் வந்தபோது யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. விடியுமுன்பே கிடாரம் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது.

சரி, இப்போது என்ன நடக்கிறது? போன ஐப்பசியில் கடைசி ஊரிலிருந்து ஒரு பெண் இரண்டு பஸ் மாறி வந்தா. தையல் மெசினுக்குப் பதினைந்தாயிரம் கேட்டா. செயற்குழுவில் அவவைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. “அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்” என்று அனுப்பினோம். அடுத்த கூட்டத்துக்கு அவ வரவில்லை. அது மலையகத்திலிருந்து வந்து குடியேறிய சனங்களின் ஊர். இரண்டு தலைமுறையாக இங்கே காடு வெட்டி, கிணறு தோண்டி இருந்தும் பல பேருக்குக் காணிப் பத்திரம் இன்னும் கைக்கு வரவில்லை. பதினைந்து பேர் செயற்குழுவில் அந்த ஊருக்கு ஒரே ஒரு இடம். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. டவுனில் மாடி கட்டினால் அவவுக்கு இன்னும் ஒரு பஸ் கூடும்.

வயது போனவர்களுக்குக் காந்தியம் ஞாபகம் இருக்கும். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து ஓடிவந்த சனங்களை வவுனியாப் பக்கம் குடியமர்த்தி, பண்ணையும் முன்பள்ளியும் நடத்தியது அந்த அமைப்பு. 1983 ஏப்ரலில் அதை நடத்திய வைத்தியர் இராஜசுந்தரத்தையும் டேவிட் ஐயாவையும் கைது செய்தார்கள். ஜூலையில் இராஜசுந்தரம் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். டேவிட் ஐயா பல வருடம் இந்தியாவில் இருந்து, கடைசியில் கிளிநொச்சிக்கு வந்து 2015இல் கண்மூடினார். தலைமையைப் பிடித்ததோடு இயக்கம் முடங்கிப்போனது. அவர்களைக் குறை சொல்ல நான் யார்? அந்தக் காலத்தில் அவர்கள் செய்ததில் பாதியைக்கூட நாங்கள் செய்யவில்லை. ஆனாலும் ஒரு அலுவலகம் பூட்டப்பட்டால், ஒரு ஆள் இல்லாமல்போனால், ஏழு ஊரின் வேலையும் நிற்கிற மாதிரி ஒன்றைக் கட்டவேண்டுமா என்று யோசிக்கிறேன்.

என் விருப்பம் இதுதான். ஏழு ஊரும் ஏழு சங்கமாகட்டும். ஒவ்வொரு ஊருக்கும் சொந்தக் கொப்பி, சொந்தக் கணக்கு, அந்த ஊராட்களே தெரிந்தெடுக்கிற தலைவர், செயலாளர், பொருளாளர். பதிவு, வங்கிக் கணக்கு எல்லாம் கொஞ்சம் அலைச்சல்தான். பிரதேச செயலகத்துக்கு நானே கூட வருகிறேன். மாதம் ஒருமுறை ஊருக்கு இரண்டு பேர் கூடிப் பேசுவோம், ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு ஊரில். விதைநெல் களஞ்சியம் மட்டும் பொதுவில் இருக்கட்டும். உரத்தட்டுப்பாட்டு வருடம் விளைச்சல் விழுந்து விதைக்கு நெல் இல்லாமல் நின்றபோது, ஒரு புசல் வாங்கி ஒன்றேகாலாகத் திருப்பித் தருகிற ஒழுங்குதான் அடுத்த காலபோகத்துக்குக் கைகொடுத்தது. அதைப் பிரித்தால் ஒரு ஊருக்கும் காணாது.

வாகனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரவில் வயிற்றுவலி வந்த பிள்ளைத்தாச்சியை லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு போனதை மறக்கமாட்டேன். தம்பிமார் கேட்பது நியாயம், அதை வாங்குவோம். கட்டடக் காசை அனுப்புகிற பிள்ளைகளுக்கும் இந்த மடலின் பிரதி போகிறது. ஏழு ஊர் மாலை வகுப்புக்கும் கூரையும் மின்விளக்கும் போட்டுத் தருவீர்களா பிள்ளைகளே? கல்வெட்டில் பெயர் பதிக்க இடம் இராது. கொப்பியில் எழுதிவைப்போம்.

மூத்த அண்ணாமார் சிலர், கஷ்டப்பட்டு வளர்த்ததை இவள் உடைக்கப் பார்க்கிறாள் என்று கோபிப்பீர்கள். வாழையடியில் குட்டிகள் நெருங்கி நின்றால் நீங்களே அலவாங்கோடு போய்க் கிளப்பி வேறு குழியில் வைப்பீர்கள்தானே, அண்ணா. தாய்மரத்தின் மேல் கோபத்திலா அப்படிச் செய்கிறீர்கள்?

கூட்டம் பின்னேரம் மூன்று மணிக்கு, வழமைபோலப் பாலைமரத்தடியில். ஏழு சீஆர் கொப்பி வாங்கி, முதல் பக்கத்தில் கோடு போட்டு, ஊர்ப் பெயரும் எழுதிவிட்டேன். கடைசி ஊருக்கான கொப்பியை முதலில் கொடுக்க ஆசை. தையல் மெசின் கேட்ட அந்தத் தங்கச்சியை யாராவது போய்க் கூட்டிவாருங்கள். பஸ் காசை நான் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பொருளாளர் அக்கா