பெக்கமில் ஓர் இஜெபு

லண்டன், பெக்கம்

அன்புள்ள கெமிஸ்ட்ரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு மாடிப்படி ஏறுகிறாய் என்று எழுதியிருக்கிறாய். இறங்குகிறாயா என்று எழுதவில்லை. எனக்கு இறங்குவதுதான் பாடாய்ப் படுத்துகிறது. மற்றபடி மழை, சர்க்கரை, பேரனின் பியானோ மூன்றையும் சமாளித்துக்கொண்டு மகள் வீட்டில் நன்றாகவே இருக்கிறேன்.

நைஜீரிய வம்சாவளி பிரிட்டன் அரசியல்வாதி கெமி பாடெனாக், தான் இப்போது நைஜீரியராக உணர்வதில்லை என்று சொன்னதைப் பேப்பரில் படித்துவிட்டு, "ஐந்து வருடம் நமக்குச் சோறு போட்ட ஜனங்களா இவர்கள்? வெளிநாடு போனதும் ஊரை மறந்துவிடுகிறார்களே" என்று பொரிந்து தள்ளியிருக்கிறாய். உனக்குக் கோபம் முதல் பஸ்ஸில் வரும், விவரம் அடுத்த பஸ்ஸில் வரும். ஆசிரியர் அறையிலும் அப்படித்தான் இருந்தாய். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அதற்குப் பதில் எழுத என்னைவிட வசதியான இடத்தில் வேறு யாரும் இல்லை. என் எதிர்வீட்டு அம்மாள், நைஜீரியாவில் நாம் பாடம் நடத்திய அதே பக்கத்து இஜெபு-ஓடே ஊர்க்காரர்!

பெக்கமைச் சின்ன லாகோஸ் என்பார்கள். ரை லேன் கடைத்தெருவில் நடந்தால் யாம் கிழங்கு, உலர்ந்த மீன், எகுசி விதை, கட்டுக்கட்டாகத் துணி, நடுநடுவே முடி பின்னும் கடைகள். 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து நைஜீரியாவில் பிறந்தவர்கள் மட்டும் சுமார் 2,70,000 பேர். அதில் பாதிப் பேர் சனிக்கிழமை காலையில் ரை லேனில்தான் இருக்கிறார்கள் என்பது என் கணக்கு. கணக்கு வாத்தியார் சொல்கிறேன், நம்பு.

அந்தக் கடைகளில் சிவப்பும் நீலமுமாய்க் கட்டம் போட்ட பெரிய பை தொங்குகிறது. பார்த்ததும் எனக்கு 1983 ஜனவரி ஞாபகம் வந்தது. வெளிநாட்டவர் வெளியேற வேண்டும் என்று ஷகாரி அரசு உத்தரவு போட்டதும், பெனின் சாலையில் லாரி லாரியாகக் கானாக்காரர்கள் அந்தப் பைகளோடு போனார்களே. நாம் பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்தோம். நீ அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. 'கானா மஸ்ட் கோ' என்று அன்று அந்தப் பைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் இன்றும் போகவில்லை. ஆனால் இப்போது அதில் துணிமணி அடைத்து ஹீத்ரோவில் நிற்பவர்கள் நைஜீரியர்கள். ஊரை விட்டுப் போகிறேன் என்று சொல்லும் ஆண்ட்ரூ என்ற இளைஞனைத் தொலைக்காட்சியில் அடிக்கடி காட்டி, போகாதே என்று அரசாங்கம் கெஞ்சியதும் நினைவிருக்கும். அன்று அது நமக்குச் சிரிப்பாக இருந்தது. இன்று அந்தப் போக்குக்கு, இஜெபு ஜனங்கள் பேசும் யொரூபா மொழியின் 'ஜாபா' என்ற சொல்லே பெயராகிவிட்டது. ஓடிவிடு, தப்பிவிடு என்று பொருள். டாக்டர், நர்ஸ், எஞ்சினியர் எல்லோரும் ஜாபா.

எதிர்வீட்டு அம்மாளை மாடி முழுக்க மம்மி என்றே அழைக்கிறார்கள். என்னைவிடப் பத்து வயது இளையவர். நானும் மம்மி என்றுதான் அழைக்கிறேன். நாம் எங்கே வேலை பார்த்தோம் என்று சொன்ன நாள் முதல் நான் அவருக்கு 'டிஷா', அதாவது டீச்சர். அந்தச் சொல்லைக் கேட்டு நாற்பது வருடம் ஆகியிருந்தது. காய்கறிப் பையோடு மூச்சு வாங்கப் படியேறினால் கதவைத் திறந்து "ஏ கு இஷே, டிஷா" என்பார். வேலை செய்பவனுக்கு ஒரு வணக்கம், பயணம் போய் வந்தவனுக்கு ஒன்று, சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கும் ஒன்று வைத்திருக்கிற மொழி அல்லவா? அவருடைய தம்பிகளில் ஒருவர் நம் பள்ளியில் படித்தாராம். உன்னிடமோ என்னிடமோ அடி வாங்கியிருப்பார். அந்தப் பேச்சை நான் வளர்க்கவில்லை.

இனி 2025 ஜூலை 13-ஐச் சொல்கிறேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. முன்னாள் அதிபர் புகாரி இறந்த செய்தி வந்தது. இறந்தது லண்டனில், ஒரு மருத்துவமனையில். நம் காலத்து ராணுவப் புகாரிதான். 1984-இல் பஸ்ஸுக்குக் கியூ தவறினால் அவருடைய சிப்பாய்கள் சாட்டையை எடுப்பார்களே, நீகூட ஒருமுறை குடையை விரித்து முதுகைக் காப்பாற்றிக்கொண்டாய். பின்னால் தேர்தலில் வென்று 2015 முதல் எட்டு வருடம் ஆண்டார். செய்தியைச் சொல்ல எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். சர்ச்சிலிருந்து வந்த உடுப்பைக் கழற்றாமல், தலையில் கெலே கட்டு அப்படியே இருக்க, சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அடடா, இவ்வளவு தேசபக்தியா என்று நினைத்துக்கொண்டு ஆறுதல் சொல்ல ஆரம்பித்தேன். நிமிர்ந்து பார்த்து, "அவருக்கில்லை டிஷா, அவுஜாலேவுக்கு" என்றார்.

அதே நாளில் இஜெபு-ஓடேயில் அவுஜாலேவும் போய்விட்டார். நாம் ஒருமுறை திருவிழாவில் தூரத்திலிருந்து பார்த்த அதே அரசர், சிகிரு அடெடோனா. வயது 91. பட்டத்துக்கு வந்தது 1960 ஏப்ரலில். நைஜீரியா என்ற சுதந்திர நாடு பிறந்தது அந்த வருடம் அக்டோபரில். மம்மி பிறந்தபோதும் அவர்தான், லண்டனுக்கு விமானம் ஏறியபோதும் அவர்தான், பேரப்பிள்ளை எடுத்தபோதும் அவர்தான். இடையில் வந்துபோன அதிபர்களையும் ஜெனரல்களையும் எண்ண அவருக்கு விரல் போதவில்லை. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு புகாரிக்கும் ஒரு ஜெபம் சொன்னார். சொல்லிவிட்டு, "நல்ல ஆஸ்பத்திரியாகத்தான் பார்த்திருப்பார்கள். அதுபோல ஒன்றை அங்கே கட்டியிருந்தால் நான் இங்கே நர்ஸாக வந்திருக்கவே மாட்டேனே" என்றார்.

உன் கேள்விக்கு என் பதில் அந்த ஸ்டூலில் இருக்கிறது. நீ நாட்டையும் ஊரையும் ஒன்றாக்கிக் கோபப்படுகிறாய். இவர்கள் நாட்டோடு போடுகிற சண்டைக்கு முடிவே இல்லை. ஊர் வேறு. அதை யாரும் கைவிட்டதாக எனக்குத் தெரியவில்லை.

பாடெனாக் விஷயத்தையும் இதோடு வைத்துப் பார். விம்பிள்டனில் பிறந்து லாகோஸில் வளர்ந்தவர். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து இருபது வருடத்துக்கு மேலாகிறது, இப்போது தன்னை நைஜீரியராக உணர்வதில்லை என்றார். நீ படித்தது அது. அதற்கு முன்னால், 2024 டிசம்பரில், நைஜீரியத் துணை அதிபர் ஷெட்டிமா "வேண்டுமானால் கெமி என்ற பெயரையும் எடுத்துவிடட்டும்" என்ற தோரணையில் பேசியபோது இவர் என்ன சொன்னார் தெரியுமா? நாட்டைவிடத் தன் யொரூபா அடையாளத்தோடுதான் தனக்கு ஒட்டுதல் என்றார். வடக்கு மக்களோடு தனக்குப் பொதுவாக எதுவும் இல்லை என்று அதோடு சேர்த்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு நிலப்பரப்பையே தீவிரவாதத்தின் பெயரால் ஒதுக்குகிற பேச்சு அது. மம்மிக்கும் கோபம், ஆனால் வேறு காரணத்துக்கு. வீட்டுக் குறையை வெளியாரிடம் சொல்லலாமா என்று பொங்கினார். பொங்கிய கையோடு, ரோடு, கரண்ட், மந்திரிகள், பெட்ரோல் விலை என்று ஒரு மணி நேரம் என்னிடம் நாட்டைத் திட்டித் தீர்த்தார். நான் வெளியாள் கணக்கில் வரமாட்டேன் போலிருக்கிறது. மனசுக்குள் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

கீழ்த்தளத்தில் ஓர் இக்போக்காரர் இருக்கிறார். யொரூபாவைப் போல நைஜீரியாவின் இன்னொரு பெரிய இனம். இக்போக்கள் தனி நாடு கேட்டுத் தோற்ற பியாஃப்ரா போரின்போது அவர் கைக்குழந்தை. அவரிடம் நைஜீரியா என்று சொன்னால் முகத்தில் ஒரு தாழ்ப்பாள் விழும். ஆனால் அனாம்ப்ராவில் இருக்கும் தன் கிராமத்துச் சங்கத்துக்கு மாதச் சந்தா தவறியதில்லை. செத்தால் உடல் அங்கேதான் போக வேண்டும் என்று பிள்ளைகளிடம் எழுதியே கொடுத்திருக்கிறார். செல்வம் வீடு போய்ச் சேர வேண்டும் என்பது அவர்கள் பழமொழி, 'அகு ருவோ உலோ'. அவரும் மம்மியும் அரசியல் பேசினால் படிக்கட்டே அதிரும். கால்பந்து என்றால் ஒரே சோபா. இங்கே பெக்கமில் வளர்ந்த லுக்மன் சின்ன வயதில் இங்கிலாந்துக்காக ஆடி, 2022-இல் நைஜீரியாவுக்கு வந்து, 2024-இல் ஆப்பிரிக்காவின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். லண்டனிலேயே யொரூபாப் பெற்றோருக்குப் பிறந்த சாகா இங்கிலாந்துக்கு ஆடுகிறார். மம்மிக்கு இரண்டு பேரும் பிள்ளைகள்தான். இக்போக்காரருக்கு மட்டும் சாகா மேல் ஒரு வருத்தம். ஆக, அங்கே யொரூபாவாகவும் இக்போவாகவும் இருந்தவர்கள் இங்கே வந்து, அதுவும் தொண்ணூறு நிமிடத்துக்கு மட்டும், நைஜீரியராகிறார்கள்.

போன மாதம் மம்மியின் மகனுக்குப் பெண் குழந்தை. எட்டாம் நாள் பெயர் சூட்டு விழாவுக்கு எங்களுக்கும் அசோ எபி துணி வந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே ஆரஞ்சு நிற லேஸ். நீ பார்த்திருந்தால் ஆறு மாதம் சிரித்திருப்பாய். தேன், உப்பு, கோலாக்கொட்டை, செம்பனை எண்ணெய், தண்ணீர் எல்லாம் தட்டுகளில் வரிசையாக. ஒவ்வொன்றாகக் குழந்தையின் உதட்டில் தொட்டு வைத்தார்கள். பெரியவர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்லிக் கிண்ணத்தில் காசு போட்டார்கள். மம்மியின் தாயார் இஜெபு-ஓடேயில், தொண்ணூறைத் தாண்டியவர், செல்போன் வீடியோவில் வந்தார். அவர் பெயர் சொல்ல வாயெடுத்த நேரம் அங்கே கரண்ட் போயிற்று. திரை இருட்டு. ஆனால் அழைப்பு அறுபடவில்லை. அந்த இருட்டுக்குள்ளிருந்து கிழவியின் குரல் மட்டும் வந்தது: "டோகுன்போ."

கடல் கடந்து வந்தது என்று பொருள். வெளிநாட்டில் பிறந்து ஊர் திரும்பும் பிள்ளைக்கு வைக்கிற பெயர். நைஜீரியப் பெற்றோருக்குக் கிரேக்கத்தில் பிறந்த கூடைப்பந்து வீரர் யான்னிஸின் குடும்பப் பெயரும் இதுதான். அடெடோகுன்போ, கடல் கடந்து வந்த கிரீடம். கிரேக்க எழுத்தில் புகுந்து புறப்பட்டதில் அது அன்டெட்டோகூன்போ ஆகிவிட்டது. ஏதென்ஸிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு 18 வயது வரை எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லை. பெயர் மட்டும் எந்தக் கரைக்குச் சேர்ந்தவன் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

விழாவில் மம்மியின் மகனுக்குச் சந்தேகம். அவனுக்கு யொரூபாவில் திட்டு வாங்கத் தெரியும், பேசத் தெரியாது. "குழந்தை இன்னும் ஊருக்கு வரவேயில்லையே, பாட்டி எப்படி வந்துவிட்டது என்கிறார்?" என்றான். மம்மி, "அம்மா நிற்கிற இடத்திலிருந்து பார், பெயர் முதலில் வந்துவிட்டது" என்றார். 2022-இல் மாணவி விசாவில் வந்த மருமகள் முறைப் பெண் ஒருத்தி, சிரிப்பை அடக்காமல், "அத்தை, லாகோஸில் டோகுன்போ என்றால் பெல்ஜியத்திலிருந்து வரும் பழைய கார்!" என்றாள். அதுவும் உண்மைதான், கப்பலில் வரும் செகண்ட் ஹாண்ட் சாமான் எல்லாம் டோகுன்போ. மம்மி முறைத்தார். கடல் தாண்டிப் போய்த் திரும்பும் ஆளுக்கும், கொஞ்சம் தேய்ந்த காருக்கும் ஒரே சொல்லை வைத்தவன் குசும்புக்காரன்.

வீட்டுக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். 1998 முதல் மம்மி இஜெபு-ஓடேயில் வீடு கட்டினார். உறவினர் ஒருவர் மேற்பார்வை. ஒரே கூரைக்கு மூன்று முறை பணம் போயிருக்கிறது. நம் காலத்தில் அங்கே ஒரு நைரா ஒரு டாலருக்கும் மேல். அதை ஊருக்கு அனுப்ப அனுமதி கேட்டு மாதக்கணக்கில் காத்திருந்தோம். இன்று ஒரு பவுண்டுக்குச் சுமார் 2,000 நைரா. போனைத் தடவினால் போய்ச் சேருகிறது. உலகெங்குமிருந்து நைஜீரியர்கள் அனுப்புவது ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 கோடி டாலர் என்கிறார்கள். அவ்வளவு அனுப்பியும் இங்கிருந்து ஓட்டுப் போட முடியாது, அது அவருக்குத் தீராத ஆற்றாமை. ஆறு அறை, ஜெனரேட்டர், ஆழ்துளைக் கிணறு எல்லாம் உண்டு. வருடத்துக்கு மூன்று வாரம் இருப்பார். மீதி நாள் காவல்காரர் குடும்பம். இந்தக் காசுக்கு ஹோட்டலில் ராஜா மாதிரி இருக்கலாமே என்று உன் புத்தியோடு கேட்டேன். "ஹோட்டலில் இறங்கினால் நான் விருந்தாளி, டிஷா" என்றார். அந்த வீட்டுச் சாவி இங்கே சமையலறையில், காலண்டர் ஆணியில் தொங்குகிறது.

மகனுக்கு அந்த வீடு வேண்டாம். அவனுக்கு டிசம்பர் லாகோஸ் போதும்: கச்சேரி, கடற்கரை, நண்பர்கள், இரண்டு வாரம். 'இப்போதுதான் திரும்பி வந்தேன்' என்று ஆங்கிலச் சாயலில் பேசுவதாக அங்கே இவனைப் போன்றவர்களைக் கேலி செய்வார்களாம். மம்மிக்கு வருத்தம். எனக்கு வருத்தமில்லை. என் பேரன் நம் ஊர் என்று எதைச் சொல்லப்போகிறான் என்று யோசித்துப் பார்த்துவிட்டு, அந்தப் பையனைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டேன்.

இந்த டிசம்பரில் மம்மி போகிறார். நம் பள்ளியின் பக்கம் போனால் ஒரு போட்டோ எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். திரும்பும்போது அசல் இஜெபு காரி கொண்டுவருவார், மரவள்ளிக்கிழங்கில் செய்கிற அந்தப் புளிப்புக் குருணைதான். குளிர்ந்த தண்ணீரில் ஊறப்போட்டுச் சர்க்கரையும் வேர்க்கடலையும் போட்டு, பழைய சோறு மாதிரி மத்தியான வெயிலில் குடிப்போமே. ஜனவரியில் என் மகள் அங்கே வரும்போது உனக்கும் ஒரு கிலோ அனுப்புகிறேன். உன் மருமகளிடம் முன்கூட்டியே சொல்லி வை. முதல் வருடம் நீ அதை ரவை என்று நினைத்து உப்புமா கிண்டி, சட்டியைத் தூக்கி எறிந்தது போல ஆகிவிடப் போகிறது.

உன்
மாத்ஸ்