ஆங்கிலப் பாடத்துக்குத் தமிழ் இலக்கணமே கைகொடுக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு பின்னேரம், ஆறாம் தரத்தில் படிக்கும் என் பேத்தி தன் ஆங்கிலக் கொப்பியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். அவள் எழுதியிருந்த வசனம் 'ஐ ஆம் கோ டு ஸ்கூல்'. அதற்கு மேல் சிவப்புப் பேனையால் பெரிதாக ஒரு புள்ளடி. "அம்மம்மா, நான் பள்ளிக்குப் போறன் எண்டுதானே எழுதியிருக்கன், என்னத்துக்குப் பிழை?" என்று கேட்டாள். கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன், அதே பிழை, அதே புள்ளடி, ஏழெட்டு இடத்தில் இருந்தது. ஏன் பிழை என்று ஓரிடத்திலும் எழுதியிருக்கவில்லை. ஒரு வகுப்பு முழுவதன் கொப்பிகளையும் பார்த்து முடிக்கவேண்டிய ஆசிரியருக்கு அதற்கு நேரம் கிடைத்திருக்காது, அவரைக் குறை சொல்ல நான் பேனை எடுக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு விடை தெரியாமலேயே ஒரு பிள்ளை பதினோராம் தரம் வரைக்கும் போய்விடுகிறதே என்ற கவலையில்தான் எழுதுகிறேன்.

நான் ஆங்கில ஆசிரியை அல்ல. முப்பது வருடத்துக்கு மேல் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றவள். அன்றைக்கு அவளுக்கு விளங்கப்படுத்த எனக்கு உதவியதும் அந்தத் தமிழ் இலக்கணம்தான்.

"நான் மாணவி" என்று எழுதி, இதில் வினைச்சொல் எங்கே மகள் என்று கேட்டேன். யோசித்துவிட்டு இல்லை என்றாள். சரி, தமிழில் இது பெயர்ப்பயனிலை, வினை இல்லாமலே வசனம் முடிந்துவிடும், ஆங்கிலத்தில் வினை இல்லாமல் வசனம் நிற்காது, அதனால்தான் நடுவில் 'ஆம்' வந்து 'ஐ ஆம் எ ஸ்டூடன்ட்' ஆகிறது என்றேன். மறுகா, "நான் போகிறேன்" என்று எழுதிக் காட்டினேன். இதில் போகிறேன் என்று வினை ஏற்கெனவே இருக்கிறது, பிறகு 'ஆம்' எதற்கு, 'ஐ கோ' போதும். அவள் விடவில்லை. புத்தகத்தில் 'ஐ ஆம் கோயிங்' என்று இருக்கிறதே, அது மட்டும் எப்படிச் சரி என்று கேட்டாள். "போய்க்கொண்டு இருக்கிறேன்" என்று பிரித்து எழுதினேன். அந்த இருக்கிறேன்தான் அங்கே 'ஆம்', போய்க்கொண்டு என்பதுதான் 'கோயிங்'. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள், பிறகு பேனையை எடுத்து அந்த ஏழெட்டு வசனத்தையும் தானாகவே திருத்தினாள்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை பின்னேரங்களில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வரத் தொடங்கிவிட்டார்கள். இப்போது எங்கள் விறாந்தையில் ஒன்பது பேர். அவர்களுடைய கொப்பிகளைப் பார்த்தபிறகுதான் விஷயம் எனக்கு முழுதாக விளங்கியது. மூன்றாம் தரத்தில் தொடங்கி சாதாரண தரம் வரைக்கும் ஒன்பது வருடம் நம் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கிறார்கள், புத்தகமும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அந்தப் புத்தகம் சிங்களப் பிள்ளைக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் பொதுவானது, முழுக்க ஆங்கிலத்தில் இருப்பது, ஆகவே தமிழோடு ஒப்பிட்டு ஒன்றைச் சொல்ல அதில் இடமில்லை. வகுப்பில் ஆசிரியர்தான் அதைச் செய்யவேண்டும். அது நடக்காததால் பிள்ளைகள் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்குக் கீழும் பென்சிலால் தமிழில் உச்சரிப்பை எழுதிவைத்து வாசிக்கிறார்கள், விடையைக் கரும்பலகையில் பார்த்து எழுதுகிறார்கள், 'நவுன்', 'வேர்ப்', 'டென்ஸ்' என்ற பெயர்களைப் பாடமாக்குகிறார்கள். சொந்தமாக ஒரு வசனம் சொல்லு என்றால் வாய் திறப்பதில்லை.

சொல் ஒழுங்கை எடுங்கள். "நாய் பூனையைத் துரத்தியது" என்றாலும் "பூனையை நாய் துரத்தியது" என்றாலும் நமக்கு ஒன்றுதான், துரத்தியது நாய். ஏனென்றால் பூனையோடு ஐ உருபு ஒட்டிக்கொண்டிருக்கிறது, எங்கே தூக்கி வைத்தாலும் அது செயப்படுபொருள்தான். ஆங்கிலப் பெயர்ச்சொல்லில் அந்த உருபு கிடையாது. அதனால் அங்கே சொல் நிற்கிற இடமே உருபின் வேலையைச் செய்கிறது. 'த டோக் சேஸ்ட் த கெட்' என்பதில் இரண்டையும் இடம் மாற்றினால் பூனை நாயைத் துரத்திவிடும். இதை ஒரு பெடியனையும் ஒரு பெட்டையையும் நாய், பூனை என்று எழுதிய மட்டைகளோடு முற்றத்தில் நிற்கவைத்து, இடம் மாற்றி மாற்றி வாசிக்கவைத்துக் காட்டினேன். பிள்ளைகள் சிரித்துச் சிரித்துப் படித்தார்கள், அடுத்த கிழமை ஒருவர்கூட மறக்கவில்லை.

வேற்றுமை உருபும் அப்படித்தான். கல்முனைக்கு என்றால் நமக்கு கு பின்னால் வருகிறது, ஆங்கிலத்தில் 'டு கல்முனை' என்று முன்னால் போய் நிற்கிறது. வீட்டில் என்பது 'இன் த ஹவுஸ்'. கத்தியால் வெட்டினேன், அம்மாவோடு போனேன், இந்த ஆல், ஓடு இரண்டுக்கும் அங்கே ஒரே 'வித்' என்று சொன்னபோது ஒரு பிள்ளை, அப்ப நமக்குத்தான் வசதி என்றது. இன்னொன்று, "எனக்குப் பசிக்கிறது", "எனக்குத் தெரியும்" என்று நான்காம் வேற்றுமையில் நாம் சொல்வதெல்லாம் ஆங்கிலத்தில் எழுவாயாக மாறி 'ஐ ஆம் ஹங்ரி', 'ஐ நோ' என்று வரும். இதைச் சொல்லிக் கொடுக்காவிட்டால் பிள்ளை 'டு மீ நோ' என்றுதான் எழுதும், எழுதியும் இருக்கிறது.

'ஹி', 'ஷி' வந்தால் வினையில் 'எஸ்' சேர்க்கவேண்டும் என்பதைப் பிள்ளைகள் பெரிய பாரமாக நினைக்கிறார்கள். போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறது, போகிறார்கள் என்று தமிழில் நீங்கள் நாள் முழுக்க ஆளுக்கு ஆள் மாற்றிப் பேசுகிறீர்களே, அவர்கள் ஒரே ஒரு இடத்தில்தான் மாற்றுகிறார்கள் என்றேன். அந்தப் பாரம் அப்போதே இறங்கிவிட்டது. 'எ', 'அன்' வித்தியாசமும் நமக்குப் புதிதல்ல, ஒரு வீடு, ஓர் ஊர் என்று உயிரெழுத்துக்கு முன் ஓர் போடுகிறோமே, அதே மாதிரி. அங்கே எழுத்தைப் பார்க்காமல் ஓசையைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். 'த' என்பதற்கு மட்டும் நம்மிடம் சரியான இணை இல்லை, அந்த என்ற சொல் கொஞ்சத் தூரம் கூட வரும், பிறகு வாசித்து வாசித்துத்தான் பழகவேண்டும்.

சொற்களைப் பொறுத்தவரை, ஐம்பது சொல்லைக் கொடுத்துப் பாடமாக்கச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கொப்பி, பஸ், லைட், சைக்கிள் என்று பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த ஆங்கிலச் சொற்களை எழுதவைத்து, சரியான எழுத்துக்கூட்டலை அதிலிருந்து தொடங்கலாம். (கதிரை, அலுமாரி, சாவி எல்லாம் ஆங்கிலம் என்று ஒரு பிள்ளை பட்டியலில் சேர்த்திருந்தது, அவை போத்துக்கீசர் வழியாக வந்தவை, அந்த மொழியிலிருந்து பிறந்த ஒரு கலப்பு மொழியைப் பேசும் பறங்கிக் குடும்பங்கள் மட்டக்களப்பில் இன்றும் உண்டு என்று சொன்னதும் எல்லாருக்கும் பெரிய புதினம்.) கட்டுமரமும் கறியும் சுருட்டும் நம்மிடமிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் என்று சொல்லுங்கள், பிள்ளையின் முகம் மாறுவதைப் பாருங்கள்.

ஆங்கில வகுப்பில் தமிழே பேசக்கூடாது, அப்போதுதான் ஆங்கிலம் வரும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டிலும் ரோட்டிலும் ஆங்கிலம் கேட்கிற பிள்ளைக்கு அது சரியாக இருக்கலாம். வெற்றிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுவிட்டுப் பள்ளிக்கு வருகிற எங்கள் களுதாவளைப் பிள்ளைக்கு ஒரு நாளில் ஆங்கிலம் காதில் விழுவது அந்த ஒரு பாடவேளைதான். அதிலும் விளங்காத மொழியில் விளங்காததை விளக்கினால் பிள்ளை என்ன செய்யும்? பாடம் முழுவதையும் தமிழில் நடத்தச் சொல்லவில்லை. பேச்சும் வாசிப்பும் ஆங்கிலத்தில்தான் நடக்கவேண்டும், சரியான உச்சரிப்பை என்னைப் போன்றவர்களால் கொடுக்கவும் முடியாது. இலக்கணம் விளக்குகிற அந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும் தமிழைத் தடுக்காதீர்கள் என்கிறேன்.

எங்கள் ஊர் வழியாகப் போகிற பெருந்தெருவில் தெற்கே போனால் காரைதீவு. 1892இல் அங்கே பிறந்த சுவாமி விபுலாநந்தர் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார், லண்டன் பி.எஸ்சி. பட்டமும் பெற்றார், யாழ் நூலை எழுதிய அதே கை 'பிரபுத்த பாரத' என்ற ஆங்கில மாத இதழுக்கு ஆசிரியராகவும் இருந்தது. தமிழை ஆழமாகப் படித்தது அவருடைய ஆங்கிலத்துக்கு ஒரு தடையாகவும் இருக்கவில்லை. இன்றைக்கோ உயர்தரம் வரைக்கும் தமிழில் விஞ்ஞானம் படித்து, நல்ல பெறுபேறு எடுத்துப் பல்கலைக்கழகம் போகிற பிள்ளை, ஆங்கிலத்தில் நடக்கும் முதல் விரிவுரையிலேயே திகைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறது. என்னிடம் படித்த பிள்ளைகளே வந்து சொல்லியிருக்கிறார்கள், பாடம் கஷ்டமில்லை ரீச்சர், வசனம்தான் விளங்குதில்லை என்று.

ஆகவே இரண்டு விஷயம் கேட்கிறேன். வலயக் கல்வி அலுவலகங்கள் ஆங்கில ஆசிரியர்களையும் தமிழ் ஆசிரியர்களையும் தவணைக்கு ஒரு நாளாவது ஒன்றாக உட்காரவைத்து, நம் பிள்ளைகள் எந்த இடத்தில் ஏன் பிழை விடுகிறார்கள் என்று பேசவைக்கட்டும். செலவில்லாத வேலை இது. அப்புறம், உங்கள் பத்திரிகையின் சிறுவர் பக்கத்தில் கிழமைக்கு ஒரு சின்னப் பெட்டி தாருங்கள், ஒரு தமிழ் வசனம், அதற்கு ஆங்கில வசனம், எது எங்கே ஏன் மாறியது என்று நாலு வரி. எங்கள் விறாந்தைப் பிள்ளைகள் எழுதிய பிழைகளையும் திருத்தங்களையும் நாற்பது வசனமாக ஒரு கொப்பியில் சேர்த்து வைத்திருக்கிறேன், ஒரு ஆங்கில ஆசிரியரிடம் கொடுத்துச் சரிபார்த்தும் ஆகிவிட்டது. விரும்பினால் சொல்லுங்கள், பிரதி எடுத்துத் தபாலில் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை ஒருவர்,
களுதாவளை.