ஏரிக் கட்டுரைக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள தமிழ் விக்கிப்பீடியா நண்பர்களுக்கு,

காட்பாடியிலிருந்து வணக்கம். காவேரிப்பாக்கம் ஏரியைப் பற்றி விரிவாக எழுத நான் முயன்றபோது துணைநின்ற அத்தனை பேருக்கும் இந்த மடல். உங்களில் ஒருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை.

சிக்கல் மாவட்டத்திலேயே தொடங்கியது. பழைய நூல்களெல்லாம் வடஆர்க்காடு என்கின்றன. 1989-இல் அதிலிருந்து திருவண்ணாமலை பிரிந்தது. எஞ்சிய பகுதியான வேலூர் மாவட்டமும் 2019-இல் மூன்றாகப் பிரிந்தது. காவேரிப்பாக்கம் இராணிப்பேட்டைக்குப் போய்விட்டது. ஊர் ஊராகப் பக்கங்களைத் திறந்து மாவட்டப் பெயரைத் திருத்தியவர்களின் பொறுமைக்குத் தலைவணங்குகிறேன். ஆர்தர் காக்ஸ் 1881-இல் வெளியிட்ட வடஆர்க்காடு மாவட்டக் கையேட்டைத் தேடித் தந்த சென்னைத் தோழருக்குத் தனி நன்றி.

இலங்கையின் வவுனியாவைச் சேர்ந்த நண்பரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாக ஏரிக்கு நீர் வருகிறது என்று எழுதியிருந்தேன். கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் அவர் கேட்டார்: "ஐயா, நிரம்பாத ஆண்டில் கடைமடை வயலுக்கு யார் முறை வைப்பார்கள்? மதகைத் திறப்பது யார்?" குளத்தை நம்பி வாழும் ஊரில் பிறந்தவருக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும். வயல்களுக்கு நீரைப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டியைப் பற்றியும், ஏரி நிரம்பிக் கலங்கல் வழியும்போது கரையில் கூடும் கூட்டத்தைப் பற்றியும் நான் எழுதினேன். அவர் தம் ஊர் வழக்கத்தை எழுதினார். நடுவில் கடல் இருப்பதே மறந்துபோனது. ஆங்கிலத்தில் என்றால் இரண்டு வரியில் முடித்துக்கொண்டிருப்பேன். வரப்பில் நின்று பேசிப் பழகிய தமிழ்தான் எங்களை உறவாக்கியது.

வாய்வழிச் செய்திகளுக்கு அச்சு ஆதாரம் வேண்டும் என்று நிறுத்திய நிர்வாகி அம்மையாருக்கும் நன்றி. விதியைச் சொல்லிவிட்டு ஒதுங்காமல், மேற்கோளை எப்படிச் சேர்ப்பது என்று படிப்படியாக விளக்கினார். 2003-இல் தொடங்கிய இந்தக் கலைக்களஞ்சியத்தில் இலங்கை வழக்குக்கும் தமிழக வழக்குக்கும் இடமுண்டு. என் வடஆர்க்காட்டுச் சொற்களையும் ஒருவரும் மட்டம் தட்டவில்லை. பொருள் புரியாதவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். புதியவன் ஒருவன் தயங்காமல் எழுத இதைவிட என்ன வேண்டும்?

அடுத்த கட்டுரை மகேந்திரவாடி ஏரியைப் பற்றியது. மகேந்திரவர்மப் பல்லவன் அங்கே குடைவித்த கோயிலின் கல்வெட்டு, ஏரியை மகேந்திர தடாகம் என்கிறது. வரைவைத் தொடங்கிவிட்டேன். கல்வெட்டின் தெளிவான படம் எவரிடமேனும் இருந்தால் விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேமிக்கும் பொதுவகத்தில் ஏற்றித் தாருங்கள். வவுனியா நண்பர் தம் கேள்விகளோடு வர வேண்டும்.

நன்றியுடன்,
காட்பாடிப் பயனர்