எங்கள் கணினியை மீட்டுத் தந்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள நகரி அண்ணனுக்கும், தறி மெக்கானிக் மாமாவுக்கும், திருத்தணி தங்கைக்கும், பெரியப்பா வீட்டு அண்ணனுக்கும், எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கும்,

வணக்கம். பெயரைப் போட வேண்டாம் என்று நகரி அண்ணன் கேட்டுக்கொண்டதால் எல்லாரையுமே உறவு சொல்லி அழைக்கிறேன். நேரில் நன்றி சொல்லிவிட்டோம் என்றாலும், ஊரறியச் சொன்னால்தான் தம்பிக்கும் எனக்கும் மனம் ஆறும்.

விஷயம் அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தம்பியும் நானும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு கேமிங் கணினி வாங்கினோம். கணக்குப் போடும் மூளையாக இன்டெல் கோர் ஐ5-12400எஃப் பிராசஸர், திரையில் படம் வரைய என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, தற்காலிக நினைவகமாக 16 ஜிபி ரேம். கார் பந்தய விளையாட்டில் நொடிக்கு 90 ஃபிரேமுக்கு (திரையில் அடுத்தடுத்து மாறும் படங்களுக்கு)க் குறையாமல் ஓடிக்கொண்டிருந்தது, சித்திரை வெயில் ஏற ஏறத் தடுமாறத் தொடங்கியது. நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமானால் ஒவ்வொரு ஃபிரேமும் 16.7 மில்லிநொடிக்குள் தயாராகிவிட வேண்டும். எங்களுடையதோ நொடிக்கு இருபது சொச்சம் ஃபிரேமுக்கு இறங்கிவிட்டது. வளைவில் காரைத் திருப்பினால், அது திரும்புவதற்குள் சுவரில் மோதியிருக்கும்.

சென்னையிலும் திருப்பதியிலும் வேலை பார்க்கும் சித்தி பிள்ளைகளோடு சனிக்கிழமை இரவில் சேர்ந்து விளையாடுவதுதான் எங்களுக்கு வாரத்தின் ஓய்வு. பகலெல்லாம் தறிச் சத்தத்தில் நின்றுவிட்டு வரும் தம்பிக்கு அது எவ்வளவு பெரியது என்பதை நீங்கள் எல்லாரும் புரிந்துகொண்டீர்கள். ஒரு விளையாட்டுக்குப் போய் இவ்வளவு பாடா என்று உங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. முதல் நன்றி அதற்கே.

கணினியை வாங்கிய கடையில், பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், "கார்டு போதாது, பெரிய கார்டாக மாற்றுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்ன விலையைக் கேட்டு அம்மா வாயடைத்துப் போனார். அந்த நிலையில்தான் கணினி தெரிந்த நகரி அண்ணனுக்குப் போன் போட்டோம்.

அண்ணன் கேட்ட முதல் கேள்வியை நான் மறக்கவே மாட்டேன். "ஆரம்பித்ததுமே இழுக்கிறதா, கொஞ்ச நேரம் கழித்து இழுக்கிறதா?" கொஞ்ச நேரம் கழித்துத்தான் என்றதும், "அப்படியானால் எதையும் வாங்காதீர்கள், முதலில் அளந்து பார்ப்போம்" என்றார். புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியர்கள், முறிவு எங்கே என்று விரலால் தடவிக் கண்டுகொண்ட பிறகுதான் மூங்கில் பத்தையை எடுப்பார்கள். அண்ணனிடம் நாங்கள் கண்டதும் அந்தப் பொறுமைதான். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைப் போடச் சொன்னார். விளையாடும்போதே திரையின் மூலையில் வெப்பம், வேகம், கார்டுக்கும் பிராசஸருக்கும் எவ்வளவு வேலை என்பதையெல்லாம் அது எண்களாகக் காட்டும். எண்களைப் பார்த்ததும் எங்களுக்கே பாதி விளங்கிவிட்டது. கார்டு பாதி வேலைகூடச் செய்யாமல் காத்துக் கிடக்கிறது. பிராசஸரோ 100 டிகிரியில் கொதிக்கிறது. அந்தப் பிராசஸருக்கு இன்டெல் விதித்திருக்கும் உச்ச வரம்பே 100 டிகிரிதான். அதைத் தொட்டால் தன்னைக் காத்துக்கொள்ள அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 4 கிகாஹெர்ட்ஸ் அருகில் ஓட வேண்டியது 2-க்கும் கீழே ஊர்ந்துகொண்டிருந்தது.

அதோடும் அவர் முடிவு கட்டிவிடவில்லை. படத்தின் தெளிவை 1080-இலிருந்து 720-க்குக் குறைத்துப் பார்க்கச் சொன்னார். கார்டுதான் திணறுகிறது என்றால், சுமை குறைந்ததும் ஃபிரேம் ஏற வேண்டும். ஏறவே இல்லை. பெரியப்பா வீட்டு அண்ணன் இன்னும் ஒரு படி மேலே போனார். தன் கணினியில் இருந்த கார்டைக் கழற்றி, துண்டில் சுற்றி, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அதைப் போட்டும் அதே இருபது சொச்சம்தான். எங்கள் கார்டு குற்றமற்றது என்று அன்றைக்கு உறுதியானது. அண்ணா, வழியில் அந்தக் கார்டுக்கு ஏதாவது ஆகியிருந்தால் உங்களுக்கு எவ்வளவு நஷ்டம் என்று நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது.

இதற்கிடையே, மாலையில் தறிகள் எல்லாம் ஓடும்போது வோல்டேஜ் குறைவதுதான் காரணம், ஸ்டெபிலைசர் வாங்குங்கள் என்று பலர் சொன்னார்கள். எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன் மீட்டரோடு வந்து, அந்த மாலை நேரத்திலேயே அளந்தார். பவர் சப்ளையின் மேல் ஒட்டியிருந்த தாளில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருந்ததைத் தம்பிக்குக் காட்டி, இதற்கு ஸ்டெபிலைசர் தேவையில்லை என்று சொல்லிவிட்டுக் காசு வாங்காமல் போய்விட்டார். ஒன்றைச் சரிசெய்தவருக்கு நன்றி சொல்வது எல்லாரும் செய்வது. இது காரணமில்லை என்று தெளிவாகச் சொல்லி வீண் செலவைத் தடுத்தவருக்கும் அதே அளவு நன்றி சேர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நகரி அண்ணன் வண்டியில் வந்து பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். பிராசஸரின் மேல் இருக்கும் விசிறியை எடுத்ததும், அடியில் அலுமினியத் தகடுகளே கண்ணுக்குத் தெரியவில்லை. விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே பஞ்சு ஒரே படலமாகப் படிந்திருந்தது. அண்ணன் ஸ்குரூடிரைவர் முனையால் ஓரத்தைத் தூக்கினார், முழுப் படலமும் ஒரே துண்டாக உரிந்து வந்தது. சாம்பல் நிறப் பஞ்சுக்குள் சிவப்பும் மஞ்சளுமாக நூல் துணுக்குகள். அண்மையில் தறியில் ஓடிய பாவின் நிறங்கள் அவை. தறிக்கூடத்தை ஒட்டிய அறையில், தரையில் வைத்த பெட்டி. காற்றோடு பஞ்சையும் இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

தறி மெக்கானிக் மாமா கம்ப்ரசரைக் கொண்டு வந்தார். குழாயில் தேங்கிய ஈரம் கணினிக்குள் போகாமலிருக்க முதலில் வெளியே சற்று நேரம் காற்றைத் திறந்துவிட்டார். அழுத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்துக்கொண்டு, விசிறிகளை விரலால் பிடித்தபடி ஊதினார். பிடிக்காவிட்டால் காற்று வேகத்தில் அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங் கெட்டுவிடும் என்றார். நகரி அண்ணன் பிராசஸரின் சூட்டை அலுமினியத் தகடுகளுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருந்ததைத் துடைத்தெடுத்து, புதிதாகப் பட்டாணி அளவு வைத்து, விசிறியைப் பொருத்தினார். மாமா அதோடு விடவில்லை. பெட்டிக்குள் காற்று நுழையும் பக்கத்தை அளவெடுத்து, மெல்லிய நைலான் வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டிக் கொண்டுவந்து மாட்டினார். பஞ்சு தாழத்தான் படியும் என்று, பெட்டியைத் தூக்கி வைக்க ஒரு மர ஸ்டாண்டும் செய்து கொடுத்தார். அந்த வலையை வாரந்தோறும் கழற்றிக் கழுவுவது இப்போது தம்பியின் வேலை.

அன்றே ஃபிரேம் எண்பதைத் தாண்டியது. ஆனாலும் நடுநடுவே ஒரு சின்னத் திக்கல் இருந்தது. அதைப் பிடித்தவர் திருத்தணி தங்கை. கல்லூரியில் படிக்கும் பெண், எங்களைவிடச் சிறியவர். கணினிக்குள் என்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்துவிட்டு, "அக்கா, 3200 வேகத்தில் ஓட வேண்டிய ரேம் 2133-இல் ஓடுகிறது" என்றார். கடையில் பூட்டும்போதே இரண்டு ரேம்களையும் அடுத்தடுத்த இடத்தில் செருகியிருந்தார்கள், இரண்டும் ஒரே பாதையில் நெரிந்துகொண்டிருந்தன. எல்லா பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டின் கையேட்டைப் புரட்டி, இரண்டாவது, நான்காவது இடங்களுக்கு அவற்றை மாற்றினார். பிறகு கணினி தொடங்கும்போதே திறக்கும் பயாஸ் என்ற அமைப்புத் திரையில், ரேமை அதற்குரிய வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி என்பதை இயக்கினார். சில நிமிட வேலை, ஒரு ரூபாய் செலவில்லை. திக்கல் போயே போய்விட்டது. தங்கையே, படிப்பு முடிந்ததும் இந்தத் துறைக்கே வாருங்கள். உங்களைப் போன்றவர்கள் கடைகளில் இருந்தால் எத்தனை குடும்பங்களின் பணம் மிஞ்சும்!

இப்போது விளையாடும்போது பிராசஸர் எழுபது சொச்சம் டிகிரியில் நிற்கிறது. ஃபிரேம் தொண்ணூறுக்குக் கீழே இறங்குவதில்லை. ஆன செலவு தெர்மல் பேஸ்ட்டுக்கும் நைலான் வலைக்கும் மட்டும்தான்.

1960-இல் எல்லை மாற்றியபோது எங்கள் பக்கம் தமிழ்நாட்டிலும் நகரி ஆந்திரத்திலும் ஆகிவிட்டன. அண்ணனுக்கு வீட்டில் தெலுங்கு, எங்கள் வீட்டில் தமிழ். கூப்பிட்ட குரலுக்கு அவர் வந்து நின்றார், சாப்பாடு தவிர வேறெதையும் எங்களிடம் வாங்கிக்கொள்ளவில்லை. அம்மா அவருக்காக எடுத்து வைத்திருக்கும் சேலை அண்ணிக்கானது. அடுத்த முறை வரும்போது மறுக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, ஏகாம்பரகுப்பம் என்று தறி ஓடும் ஊர்களில் கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கணினியும் கொஞ்ச நேரம் ஓடிய பிறகு மந்தமாகிறது என்றால், கார்டு வாங்க ஓடாதீர்கள், முதலில் விசிறியைத் திறந்து பாருங்கள். கையில் பிடித்து ஊதும் சின்ன புளோயர் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறோம். ஞாயிறு காலையில் எங்கள் வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு போகலாம். திறக்கத் தயக்கமாக இருந்தால் பெட்டியோடு வாருங்கள், தம்பி இப்போது நன்றாகவே கற்றுக்கொண்டுவிட்டான்.

என்றும் நன்றியுடன்,
ஓர் அக்காவும் தம்பியும்
பொதட்டூர்பேட்டை